ஆறாவது கட்டில்

“அந்த ஆறாவது கட்டில் யாருக்கு?” என்று கேட்டாள் சௌந்தரவல்லி.

இளையம்மா முற்றத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“யாருக்கும் இல்லை.”

“அப்ப மடக்கி உள்ளே வெச்சுரட்டுமா?”

“வேண்டாம். கிடக்கட்டும். காலியா கிடக்கட்டும்.”

“எதுக்கு?”

இளையம்மா ஒரு கொட்டையைத் தூர எறிந்தாள். பதில் அவ்வளவுதான்.

கொழுந்துமலைக்கு நடந்துபோகிறவர்கள் இளைப்பாறும் மடம் அது. காலில் கொப்புளம் கண்டவர்கள், காய்ச்சல் வந்தவர்கள், பாதி வழியில் நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டவர்கள் எல்லோரையும் அங்கேதான் கொண்டுவந்து விடுவார்கள். அவர்களுக்கென்று ஓர் அறை. அறையில் ஆறு கட்டில்.

மடத்தின் தலைவிக்கு முப்பத்தெட்டு வயது. அதனால் இளையம்மா. சிஷ்யையாக வந்து சேர்ந்த சௌந்தரவல்லிக்கு அறுபத்தொன்று. வயதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை.

சௌந்தரவல்லி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்து நான்கு வருஷம் நர்ஸாக இருந்தவள். வந்த அன்றே சொல்லிவிட்டாள்.

“எனக்கு ஞானமெல்லாம் வேண்டாம் அம்மா. களைப்பா இருக்கு. அது போனா போதும்.”

“தூங்கினா போகாதா?”

“தூங்கி எழுந்தாலும் பக்கத்துல உக்காந்திருக்கு. இனிமே ஒரு மனுஷரைத் தாங்க என்கிட்ட இடமில்லை.”

இளையம்மா அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

நோயாளிகள் அறையின் சாவி.

“நல்லா இருக்கே உங்க வைத்தியம்,” என்றாள் சௌந்தரவல்லி.

“ஆடி அமாவாசை வரைக்கும் பாருங்க. அப்பவும் போகலைன்னா, மக வீட்டுக்குப் போய் டி.வி. பாத்துக்கிட்டு இருங்க. நான் தடுக்க மாட்டேன்.”

ஒரே ஒரு விதி. ஒரு கட்டில் எப்போதும் காலியாக இருக்க வேண்டும்.

சௌந்தரவல்லிக்கு அதுதான் பொறுக்கவில்லை. அவளுடைய வார்டில் நாற்பது கட்டில், தொண்ணூறு பேர். கட்டிலில், கட்டிலுக்கு நடுவில், கட்டிலுக்கு அடியில், தாழ்வாரத்தில், மாடிப்படி திரும்புகிற இடத்தில். மருந்துத் தட்டை ஏந்திக்கொண்டு மனிதர்களைத் தாண்டித் தாண்டி நடந்த கால்கள் அவளுடையவை. இங்கே தினமும் காலையில் ஆறாவது கட்டிலைத் துடைத்து, விரிப்பை உதறி, மறுபடி விரித்தாள். சாதத்தில் கல் கடிபட்டதுபோல் இருந்தது.

ஒரு மாதம் கழித்து மறுபடியும் கேட்டாள்.

“என்கிட்டயே கேட்டா எப்படி சிஸ்டரம்மா?” என்றாள் இளையம்மா. “எதையாவது காலியா வெச்சிருக்கிறவங்க ஊர்ல எத்தனையோ பேர். கேட்டுட்டு வாங்க.”

*

மலையடிவாரத்தில் பஸ் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் வெயிலுமுத்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

“ஓடுறது ஆறு டயரு. ஏழாவது எதுக்குப்பா?”

“ஸ்டெப்னியா? என்னக்கா, வண்டி வாங்கப் போறீங்களா?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு. சும்மா கிடக்கிறதைச் சுமந்துக்கிட்டே அலையுறியே, பாரமா இல்லையா?”

“அது சும்மா கிடக்கதுனாலதான் நான் பாட்டுப் போட்டு ஓட்டுதேன். அது இல்லேன்னு வெச்சுக்கிடுங்க, ரோட்டுல ஒவ்வொரு கல்லும் கண்ணுக்குத் தெரியும்.”

“எப்பவாவது மாட்டியிருக்கியா?”

“போன வருசம் ஒருக்க. மாட்டிட்டு டிப்போ போய்ச் சேருத வரைக்கும் வாயில முருகன் பேருதான். பாட்டே போடலை.”

கண்டக்டர் படியிலிருந்து எட்டிப் பார்த்தான். “அண்ணே, அக்காவுக்கு டிக்கெட் கிழிக்கவா, இல்ல இது வெறும் பேட்டியா?”

சௌந்தரவல்லி திரும்பி வந்து சொன்னாள். “பயம் இல்லாம ஓட்டுறதுக்காம்.”

“அது பஸ்ஸுக்கு,” என்றாள் இளையம்மா.

அடுத்த நாள் மடத்துச் சமையற்கட்டு. அரியநாயகம் அண்டாவில் உலை வைத்திருந்தார். விளிம்புக்குக் கீழே ஒரு சாண் வெறுமையாக இருந்தது.

“இன்னும் நாலு படி போடலாமே.”

“போடலாம். நீங்க வந்து அடுப்பு மெழுகுவீங்களா?”

“ஏன்?”

“அரிசி பொங்க வேண்டாமா? அதுக்கும் ஒரு இடம் வேணுமில்ல. வாய் வரைக்கும் போட்டா கஞ்சி வழிஞ்சு, அடுப்பு அணைஞ்சு, சோறு பாதி வேக்காடு. ஆஸ்பத்திரிச் சோறு மாதிரி.”

“ஆஸ்பத்திரிச் சோத்தைப் பழிக்காதீங்க. முப்பத்து நாலு வருஷம் நான் தின்னது அது.”

“அதான் முகத்துல தெரியுதே.”

அவள் சிரிக்காமல் வந்தாள். இளையம்மாவிடம் சொன்னாள்.

“அது சோத்துக்கு,” என்றாள் இளையம்மா.

மூன்றாவது ஆள் தங்கையா. மின்வாரியத்து லைன்மேன். அவன் கம்பத்தின் மேலிருந்தான். இவள் கீழே நின்று கழுத்து வலிக்கப் பார்த்தாள். கம்பத்துக்குக் கம்பம் கம்பி தொங்கலாக இறங்கி ஏறியது.

“இழுத்துக் கட்டக் கூடாதாய்யா? தொங்குது பாரு.”

“தொங்கணும் சிஸ்டர்!” மேலிருந்தே கத்தினான். “இழுத்துக் கட்டினா பாக்க லட்சணமாத்தான் இருக்கும். மார்கழிக் குளிர்ல கம்பி சுருங்கும். விட்டுக் கொடுக்க நீளம் இல்லேன்னா பட்டுனு தெறிச்சுரும்.”

“சத்தம் கேக்குமா?”

“எது?”

“தெறிக்கும்போது.”

தங்கையா கீழே குனிந்து அவளைப் பார்த்தான். “கேக்கும் சிஸ்டர்,” என்றான், கொஞ்சம் தணிந்த குரலில். “ரொம்ப தூரத்துக்குக் கேக்கும்.”

அன்று அவள் இளையம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து இளையம்மாவே கேட்டாள்.

“உங்க ஆஸ்பத்திரியில?”

“எங்க ஆஸ்பத்திரியிலயா! காலியாவா!” சௌந்தரவல்லி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

“ஒண்ணு இருந்தது,” என்றாள்.

“எதுக்கு?”

“மேலேயிருந்து ஆபீசர் வருவார் பாருங்க, அவர் கண்ணுக்கு. கதவுக்குப் பக்கத்துல. புது மெத்தை, கஞ்சி போட்ட வெள்ளை விரிப்பு, தலைமாட்டுல அட்டை எல்லாம் மாட்டி இருக்கும். வார்டே அப்படி இருக்குன்னு அவர் எழுதிக்கிட்டுப் போவார்.”

“அதுல யாரும் படுத்ததில்லையா?”

“இல்லை.”

பதில் கேள்வியை முந்திக்கொண்டு வந்தது. கட்டுத்துணி ஊறவைக்க வேண்டும் என்று சொல்லி எழுந்து போய்விட்டாள்.

*

ஆடி பிறந்தது. மலையில் சாரல் விழுந்தது. மழையென்று சொல்ல முடியாது, நின்றது என்றும் சொல்ல முடியாது. துணி காயவில்லை. தரை சில்லென்றிருந்தது. ஈரச் சேலையோடு, குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, சனங்கள் நடந்து வந்தார்கள்.

அமாவாசைக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஐந்து கட்டிலும் நிறைந்துவிட்டன.

அன்று மத்தியானம் மாரிக்கனி வந்தாள். செங்கல் சூளையில் வேலை பார்க்கிறவள். முப்பது வயதிருக்கும். மஞ்சள் சேலை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கூட வந்தவர்கள் அவளை வாசலில் உட்கார வைத்துவிட்டு மேலே நடந்துவிட்டார்கள்.

சௌந்தரவல்லி நெற்றியில் புறங்கையை வைத்தாள். தெர்மாமீட்டர் தேவைப்படவில்லை.

சேலையை மாற்றினாள். மாத்திரை கொடுத்தாள். கஞ்சி புகட்டினாள். எல்லாம் சரியாகச் செய்தாள். பிறகு மூலையிலிருந்து ஒரு கோரைப்பாயை எடுத்து, ஆறாவது கட்டிலின் பக்கத்தில், தரையில் விரித்தாள்.

யோசித்துச் செய்யவில்லை. முப்பத்து நான்கு வருஷமாகக் கை அப்படித்தான் விரித்துப் பழகியிருந்தது.

மாரிக்கனி பாயில் படுத்துக்கொண்டு கட்டிலைப் பார்த்தாள்.

“அக்கா, அது யாருக்கு?”

“அது காலியா இருக்கணும்.”

“ஓ,” என்றாள் மாரிக்கனி. அவளுக்கு அது புரிந்தது. இதுமாதிரி எத்தனையோ அவளுக்குப் புரிந்திருந்தன. “பெரியவுக யாருக்காச்சும் இருக்கும்,” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள்.

விடிந்தபோது இளையம்மா அறைக்கு வந்தாள்.

மாரிக்கனி சுருண்டு கிடந்தாள். மூச்சில் கரகரப்பு ஏறியிருந்தது. தரையின் ஈரம் பாயின் வழியாக முதுகில் ஊறியிருந்தது. பக்கத்தில் கட்டில். அதன்மேல் மடிப்புக் கலையாத விரிப்பு.

இளையம்மா குனிந்தாள். பாயைக் கையால் தொட்டாள். கட்டிலைக் கையால் தொட்டாள். பிறகு சௌந்தரவல்லியைப் பார்த்தாள்.

“நீங்கதானே சொன்னீங்க,” என்றாள் சௌந்தரவல்லி. “காலியா கிடக்கட்டும்னு நீங்கதானே சொன்னீங்க.”

“காலைப் பிடிங்க,” என்றாள் இளையம்மா.

இருவருமாக மாரிக்கனியைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். தலைமாட்டில் இரண்டு தலையணை வைத்துச் சாய்த்தார்கள். மாரிக்கனி அரைக்கண் திறந்தாள்.

“வேண்டாந்தாயி. பெரியவுக வந்துட்டா?”

“வந்தாச்சு. தூங்கு,” என்றாள் இளையம்மா.

அறையைவிட்டு வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் வாசல் பக்கம் மரம் உரசும் சத்தம் கேட்டது. தன்னுடைய கட்டிலை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

“இது எதுக்கு?”

“காலியா ஒண்ணு இருக்கணுமே,” என்றாள் இளையம்மா.

*

அன்று சாயங்காலமே அது நிறைந்தது. கணுக்கால் பிசகிய ஒரு கிழவர்.

இளையம்மா சமையற்கட்டுப் பெஞ்சைக் கொண்டுவந்தாள். அரியநாயகம் கத்தினார். “காய் எங்கே வெச்சு நறுக்குறது? என் தலையிலயா?”

மறுநாள் பெஞ்சு நிறைந்தது. இரண்டு மர ஸ்டூலை எதிரும் புதிருமாகப் போட்டு, நடுவில் பலகை வைத்தார்கள். மத்தியானம் அதுவும் நிறைந்தது.

அதற்கடுத்த நாள் பண்டக அறையின் கதவைக் கீலிலிருந்து கழற்றினார்கள். கீல் துருப்பிடித்திருந்தது. சௌந்தரவல்லியின் விரலில் ரத்தம் வந்தது.

“இது என்ன முறை அம்மா?” என்றாள், விரலை வாயில் வைத்துக்கொண்டு. “ஒண்ணு நிறைஞ்சா இன்னொண்ணு. அது நிறைஞ்சா இன்னொண்ணு. இது எப்ப முடியும்?”

“முடியாது,” என்றாள் இளையம்மா. அவள் கண்ணுக்குக் கீழேயும் கருத்திருந்தது. “அந்தப் பக்கம் பிடிங்க. பாரமா இருக்கு.”

மாரிக்கனிக்கு நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. மூச்சு தெளிந்தது. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, சுற்றியிருந்த ஒவ்வொருவரிடமும் ஊர் பேர் விசாரிக்கத் தொடங்கினாள்.

“அக்கா, அன்னைக்கு உங்களை ரொம்பப் படுத்திட்டேனோ?” என்று சௌந்தரவல்லியிடம் கேட்டாள்.

“நீ என்ன படுத்தினே?”

“இல்ல, பெரியவுக கட்டில்ல ஏறிப் படுத்துட்டேன்லா. உங்களைச் சத்தம் போட்டிருப்பாவளே.”

சௌந்தரவல்லி கையிலிருந்த டம்ளரை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

*

முற்றத்துச் சுவரில் முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்தாள். அமாவாசைக்கு முதல் நாள், பிற்பகல். சாரல் முகத்தில் பட்டது. துடைக்கவில்லை.

இளையம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கும் நிற்கத் தெம்பில்லை.

“கதவும் நிறைஞ்சிருச்சு,” என்றாள் சௌந்தரவல்லி. “இனி கழற்ற ஒண்ணுமில்லை.”

“ம்.”

“நாளைக்கு அமாவாசை. நான் போறேன் அம்மா.”

“களைப்பு போயிருச்சா?”

“கூடியிருக்கு.”

ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் சௌந்தரவல்லி பேசினாள்.

“வடிவுன்னு ஒருத்தி. சுடலைவடிவு. இருபத்திரண்டு வருஷம் ஆச்சு.”

“ம்.”

“இதயம் பலவீனம். நெஞ்சுல நீர் கட்டிப்போச்சு. படுத்தா மூச்சு முட்டும். சாஞ்சு உக்காந்தே இருக்கணும். தரையில எதுல சாய்வா? அந்த வெள்ளை விரிப்புக் கட்டில் இருந்ததே, அதோட கால்ல தலையைச் சாச்சுக்கிட்டு உக்காந்திருந்தா.”

சொட்டு விழுந்தது.

“‘சிஸ்டர், செத்த நேரம் மேல ஏறிக்கிடட்டுமா’ன்னு கேட்டா. ‘நாளைக்கு ஆபீசர் வந்துட்டுப் போகட்டும், அப்புறம் ஏறிக்கோ’ன்னேன். ‘சரி சிஸ்டர்’னா. சண்டை போடலை. சண்டை போட்டிருந்தா ஏத்திவிட்டிருப்பேன்.”

“ஆபீசர் வந்தாரா?”

“வரலை. அந்த மாசமே வரலை.”

“அவ?”

“அன்னைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு. இதே மாதிரி நேரம். கட்டில் காலைப் பிடிச்சிருந்த கையை நான்தான் விடுவிச்சேன்.”

இளையம்மா அவள் தோளைத் தொடவில்லை. அழாதே என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப அவளுக்கு மூச்சு முட்டுதா?” என்று கேட்டாள்.

சௌந்தரவல்லி திரும்பினாள். “யாருக்கு?”

“வடிவுக்கு.”

“என்னம்மா கேக்கிறீங்க?”

“நர்ஸுதானே நீங்க. காலையில ரவுண்ட்ஸ் வர்ற டாக்டர்கிட்ட சொல்ற மாதிரி சொல்லுங்க. மூச்சு முட்டுதா?”

சௌந்தரவல்லியின் முதுகு, அவள் அறியாமல், சுவரிலிருந்து நிமிர்ந்தது.

“இல்லை.”

“நெஞ்சுல நீர்?”

“இல்லை.”

“காய்ச்சல்?”

“இல்லை.”

“பசி?”

இதற்கு வெகுநேரம் ஆயிற்று.

“இல்லை,” என்றாள்.

“அப்புறம் ஏன் இருபத்திரண்டு வருஷமா ஒரு கட்டிலை அடைச்சுக்கிட்டுப் படுத்திருக்கா?”

சௌந்தரவல்லியின் வாய் திறந்தது. சொல் வரவில்லை. வேறெதுவோ வந்தது. இருமலா, சிரிப்பா, அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. அது வந்து முடியும்வரை இளையம்மா சாரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மடத்து வாசலில் ஆள் குரல் கேட்டது. இரண்டு பேர் ஒரு பெரியவளைத் தூளி கட்டிச் சுமந்துகொண்டு நின்றார்கள். மூவரும் தெப்பமாக நனைந்திருந்தார்கள். முன்னால் நின்றவன் உள்ளே கழுத்தை நீட்டினான்.

“தாயி, இங்க இடம் இருக்குமா?”

இளையம்மா எழுந்திருக்கவில்லை.

சௌந்தரவல்லி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முழங்கால் நெறிந்தது.

“இருக்கு. தூக்கிட்டு வாங்க,” என்றாள்.

சொன்ன பிறகுதான், எதில் படுக்க வைப்பது என்று சுற்றிலும் பார்த்தாள்.